பதின்பருவப் படம் எடுக்கிறீர்களா? இதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

எடிட்டிங்குக்கு வரும் பதின்பருவப் படங்களில் அதே பழைய சறுக்கல்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இழுவை, பாட்டு அதிகம் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விடுங்கள்.

பையன் வளரமாட்டான் என்று நினைப்பது

13 வயதுப் பையனை வைத்து முதல் ஷெட்யூலை முடிப்பார்கள். பணம் தீரும். மாதக்கணக்கில் இடைவெளி விழும். அந்த வயதில் ஒரே ஆண்டில் 9 செ.மீ. உயர்வதெல்லாம் சாதாரணம். நான் வேலை பார்த்த ஒரு படத்தில், பையன் கதவைத் தட்டிக்கொண்டே அம்மாவைக் கூப்பிடும் ஷாட் பழையது. உள்ளே வந்து பேசுவது பேட்ச் ஒர்க், அதாவது விட்டுப்போனதைப் பின்னால் எடுத்துச் சேர்த்தது. இடையில் மகரக்கட்டு உடைந்துவிட்டது. வெளியே கீச்சுக்குரல், உள்ளே கட்டைக்குரல். சட்டைக் கை வேறு மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. போட்டுக் காட்டியபோது, அழவேண்டிய இடத்தில் சிரித்தார்கள். கடைசியில் வேறொரு சிறுவனை வைத்துப் படம் முழுக்க டப்பிங். செலவு போகட்டும், அந்தப் பையனுக்கே உரிய திக்கலும் மூச்சுவாங்கலும் போய்விட்டன.

எரிச்சல் என்னவென்றால், இது விபத்தே இல்லை. பிள்ளை வளர்வது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சிறுவர்களின் வசனக் காட்சிகளையும் குளோசப்புகளையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். முக்கியமான வசனங்களை அன்றைக்கே தனியாகவும் ஒலிப்பதிவு செய்துவையுங்கள். பெரியவர்கள் மட்டும் வரும் காட்சிகள் காத்திருக்கட்டும்; அப்பாவுக்கு ஆறு மாதத்தில் குரல் மாறாது. அமெரிக்க இயக்குநர் லிங்க்லேட்டர் 'பாய்ஹுட்' படத்தை 2002-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் எடுத்தாரே என்பார்கள். சரி, அங்கே பையன் வளர்வதுதான் கதை. உங்கள் கதையோ ஒரு கோடை விடுமுறைக்குள் முடிகிறது.

அதற்குப் பயந்து பெரியவர்களை நடிக்கவைப்பது

'கிரீஸ்' (1978) படத்தில் பள்ளி மாணவியாக வந்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்குப் படப்பிடிப்பின்போது வயது 33. ஆட்டமும் பாட்டுமான படம், தாங்கியது. யதார்த்தமாக எடுக்கும் படம் தாங்காது.

இன்றைய ஸ்லாங்

ரிலீஸுக்குள் பழசாகிவிடும்.

கடைசிப் பத்து நிமிட அறிவுரை

நீங்களே நீக்கிவிடுங்கள். எப்படியும் நான் வெட்டத்தான் போகிறேன்.

சென்சாரை மறப்பது

'எய்த் கிரேடு' (2018) 13 வயதுப் பெண்ணின் கதை. அமெரிக்காவில் அதற்கு 'ஆர்' சான்றிதழ். 17 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டருக்குள் போகமுடியும். சிறுவர்கள் தாங்களாகவே வந்து பார்க்கவேண்டும் என்றால், எழுதும்போதே தணிக்கை விதிகளைப் படித்துவிடுங்கள். கெட்டவார்த்தையை எடிட்டிங்கில் மியூட் செய்துகொள்ளலாம் என்று வருவார்கள். குளோசப்பில் உதடு காட்டிக்கொடுத்துவிடும்.