விழுங்கச் சிரமப்படும் பெரியவருக்கு ஊட்டுவது எப்படி: கடைசி ஐந்து ஸ்பூனில் நான் கற்றது

பக்கவாதம் வந்து மூன்று மாதத்தில் அப்பத்தாவுக்குக் கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தால் புரையேறும். அதைவிட மோசமாக, சில நாள் புரையே ஏறாது. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும். இருமலே வராமல் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்க முடியும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. இரண்டு தடவை நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி, ஊசி. அதன் பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

முதலில் நிலை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

"கொஞ்சம் கெட்டியா குடுங்க" என்று சொல்லி அனுப்பினால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். விழுங்குவதைச் சோதித்துப் பார்ப்பது ஸ்பீச் தெரபிஸ்டின் வேலை. குடிப்பதும் சாப்பிடுவதும் எவ்வளவு கெட்டி என்று சொல்ல, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று உலகம் முழுக்கப் பயன்படும் ஓர் அளவுகோல் இருக்கிறது. 0 என்றால் தண்ணீர், 7 என்றால் நாம் சாப்பிடும் சாதாரணச் சாப்பாடு. அப்பத்தாவுக்குக் குடிப்பது 2, சாப்பிடுவது 4 என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வேறாக இருக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த எண் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான்.

அரைப்பது

குழையச் சமைப்பது உங்களுக்கே தெரியும். மிக்ஸியில் சட்னி ஜார் போதும். ஹேண்ட் பிளெண்டர் வாங்கினேன், அடியில் திப்பி நிற்கிறது, பரணில் கிடக்கிறது. அரைத்த பிறகு ஜூஸ் வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடிகட்டுங்கள். தக்காளித் தோல், பருப்புத் தொலி, கீரை நார் எல்லாம் அங்கே மாட்டும்.

வெறும் சாதத்தை அரைக்காதீர்கள். பசையாகிவிடும். முதல் நாள் ஒரு வாய் வாங்கிவிட்டு அப்பத்தா, "என்னய்யா இது, சுவத்துக்குப் பூசுற சாந்து மாதிரி மேலண்ணத்துல ஒட்டுது" என்றது. பேச்சுக்குச் சொன்னாலும் உண்மையில் அது ஆபத்து. ஒட்டும் சாப்பாடு தொண்டையில் தங்கும். நொய்யரிசியோடு பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, நெய் விட்டு, சூடாக இருக்கும்போதே வெந்நீர் சேர்த்து அரைத்தால் ஒட்டாது. உருளைக்கிழங்கை மிக்ஸியில் போடவே கூடாது, கையால் மசித்து வடிகட்டியில் தேய்ப்பதுதான் சரி.

தாளிப்பு வேண்டும் என்று அடம் பிடித்தது. கடுகும் கறிவேப்பிலையும் உள்ளே போகக் கூடாது. நெய்யில் தாளித்து, நெய்யை மட்டும் வடித்து ஊற்றினேன். வாசனைக்கே இரண்டு ஸ்பூன் கூடுதலாக இறங்கியது.

சோதிப்பது

குடிப்பதற்கு: ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை ஸ்கேலால் அளந்தால் 61.5 மி.மீ. இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்குத் தப்பும். உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து 10 வினாடி. மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8க்கு மேல் என்றால் நிலை 3. ஒன்றுமே இறங்காவிட்டால் நிலை 4.

சாப்பாட்டுக்கு: ஸ்பூனில் எடுத்தால் குவிந்து நிற்க வேண்டும், சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். ஸ்பூனில் பசைபோல ஒட்டிக்கொண்டால் மறுபடியும் அடுப்படிக்கு.

ஊட்டுவது

நேராக உட்காரவைத்து, டிவியை அணைத்துவிட்டு, நீங்களும் எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்துவிடுவார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். அரை டீஸ்பூன். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. நடுநடுவே "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் கொரகொரவென்று ஈரமாக வந்தால் நிறுத்திவிட்டு இருமவையுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. மூச்சு அடைத்து முகம் நீலம் பாரித்தால் உடனே 108.

சொந்தக்காரர்கள் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கொண்டுவருவார்கள். வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். பாலாடையும் சிரிஞ்சும் வாயில் ஊற்றுவதற்கான சாமான்கள். இங்கே ஊற்றவே கூடாது.

சரி, நான் வழுக்கிய இடம் இதுதான். கேழ்வரகுக் கஞ்சி அடுப்படியில் சோதித்தால் கச்சிதமாக நிலை 4. முதல் பாதி நன்றாகவே போகும். கடைசி ஐந்தாறு ஸ்பூனில் இருமல். தினமும். களைத்துவிட்டது என்று நினைத்து அளவைக் குறைத்தேன், எடையும் குறைந்தது. ஒரு நாள் ஏதோ தோன்றி, கிண்ணத்தில் இருந்த மிச்சத்தைச் சிரிஞ்சில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இறங்காத கஞ்சி, 10 வினாடிக்குள் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

காரணம் எச்சில். அதில் உள்ள அமிலேஸ் மாவுச்சத்தை உடைக்கும். வாய்க்குப் போன ஸ்பூன் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்கு வந்ததில், நானே கஞ்சியைத் தண்ணீராக்கிக்கொண்டிருந்தேன். இப்போது பெரிய கிண்ணம் என் பக்கம். அதில் தனிக் கரண்டி. சின்னக் கப்பில் நாலைந்து ஸ்பூன் மட்டும் எடுத்து ஊட்டுவேன். கப்பில் மீந்ததைப் பெரிய கிண்ணத்தில் திரும்பக் கொட்டுவதில்லை. இருமல் அந்த வாரமே குறைந்தது.

தண்ணீர், மோர், காபியைக் கெட்டியாக்கும் பொடி வாங்கும்போதும் இதே கதைதான். டப்பாவில் 'சாந்தன் கம்' என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். எச்சிலில் அது உடையாது. சோளமாவுப் பொடி விலை குறைவு, ஆனால் நீர்த்துப்போகும். கலக்கியவுடன் சோதிக்காமல் டப்பாவில் சொன்ன நேரம் காத்திருங்கள். பாலில் கெட்டியாக இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாயைத் துலக்கிவிடுங்கள், கன்னத்து ஓரத்தில் எப்போதும் ஏதாவது ஒதுங்கியிருக்கும். வாய்க் கிருமிதான் நெஞ்சுக்குப் போகிறது. வாரம் ஒரு முறை எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் மூக்கு வழியாகச் சாப்பாடு கொடுக்கும் குழாய் பற்றி மருத்துவரிடம் பேசத் தயங்காதீர்கள். நாங்கள் தயங்கி மூன்று கிலோ இழந்தோம்.

பின்சேர்க்கை 1: மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாமா என்று பலர் கேட்டார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். இருந்தால் கூடாது, நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மற்றவற்றுக்கும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். பல மாத்திரைகளுக்குச் சிரப் இருக்கிறது, கேட்டால் மாற்றித் தருவார்கள்.

பின்சேர்க்கை 2: ஐஸ்கிரீம் கெட்டிதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய்க்குள் போனதும் அது பால். இட்லியைச் சாம்பாரில் ஊறவைப்பதும் ரசம் சாதமும் இதே வகை. சோறு வாயில் நிற்க, ரசம் முந்திக்கொண்டு ஓடும். ரசம் வேண்டுமென்றால் சாதத்தோடு சேர்த்து அரைத்துவிடுங்கள். அப்பத்தா அதை ரசம் சாதம் என்று ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சாப்பிட்டுவிட்டது.