இரண்டு நிறத்தில் ஓர் ஊர்: டி-ஷர்ட் புராஜெக்டை முதல் வரியிலிருந்து அச்சு வரை கொண்டுபோவது எப்படி?

"உங்கள் ஊரைச் சொல்லும் ஒரு டி-ஷர்ட். இரண்டு நிறங்களுக்கு மேல் கூடாது." கிராபிக் டிசைன் வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த புராஜெக்ட் இவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக, இதையே வைத்து ஒரு வகுப்பு வேலை எப்படி உருவாகிறது என்று படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் உங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது ஈரோடு மாவட்டத்துப் பவானி.

1. கொடுத்த வரியை மறுபடி படியுங்கள்

எல்லோரும் "ஊர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். "இரண்டு நிறம்" என்பது வேலை முடியும் நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்க்ரீன் பிரிண்டிங் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி (ஸ்க்ரீன்) வழியாக மையைத் துணியில் இறக்கும் முறை. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்க்ரீன். நிறம் கூடினால் ஸ்க்ரீன் கூடும், செலவும் கூடும். திருப்பூரில் பிரிண்டிங் பட்டறைக்குள் நுழைந்ததும் "எத்தனை கலர்?" என்று கேட்பது இதனால்தான். ஆசிரியர் போட்ட நிபந்தனை, தொழிலில் அன்றாடம் இருக்கும் நிபந்தனை. அதற்குள்ளேயே யோசனை ஒளிந்திருக்கிறது என்று நம்பித் தேடுங்கள்.

2. முதலில் தோன்றுவதை எழுதி ஓரமாக வையுங்கள்

காங்கயம் காளை, மஞ்சள் கிழங்கு, தென்னை மரம், கோயில் கோபுரம். கொங்கு நாட்டில் யாரைக் கேட்டாலும் இவைதான் முதலில் வரும். எதுவும் மட்டமானதல்ல. ஆனால் பக்கத்து மேசைக்காரரும் இதையேதான் எழுதிக்கொண்டிருப்பார். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி எழுதுங்கள்: இதை நான் கிட்டே நின்று பார்த்திருக்கிறேனா? பதில் "இல்லை" என்றால் ஒன்று, அதை விட்டுவிடுங்கள். அல்லது பார்க்கப் பஸ் ஏறுங்கள்.

3. நேரில் போய்ப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இணையத்தில் படம் எடுத்தால் வேறொருவர் தேர்ந்தெடுத்த கோணம்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

பவானி என்றால் ஜமக்காளம். கல்யாண வீட்டிலும் ஊர்க்கூட்டத்திலும் அதன்மேல் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் அதன் பட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் விளிம்பு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்காது. நூல் தடிமனாக இருப்பதால் அது சின்னச் சின்னப் பல்லாக நிற்கும். கணினியில் வரையும் நேர்கோட்டுக்கும் குழித்தறியில் (குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து நெய்யும் கைத்தறி) பிறந்த கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பல்லில்தான் இருக்கிறது. நோட்டில் பெரிதாக்கி வரைந்துகொள்ளுங்கள். தறியில் இருப்பவரிடம், "அண்ணா, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரைந்துகொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்காதீர்கள்.

அங்கிருந்து கூடுதுறைக்குப் போங்கள். சங்கமேசுவரர் கோயிலை ஒட்டி, மேற்கே இருந்து வரும் பவானி ஆறு காவிரியில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் இங்கே வந்து சேர்வதாக ஐதீகம். கண்ணால் பார்ப்பது இரண்டு ஆறு, சொல்வது மூன்று ஆறு. இப்போது புராஜெக்டின் நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் மையில் மஞ்சளின் மேல் நீலத்தை அடித்தால் பச்சை வரும். ஸ்க்ரீன் இரண்டு, துணியில் தெரியும் நிறம் மூன்று. ஒரு பட்டைக்கூட்டம் காவிரி, இன்னொன்று பவானி, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவது ஆறு. சங்கமத்துக்குச் சற்று முன்னால் பவானியிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்காலையும் அது பாயும் வயல்களையும் அந்தப் பச்சையில் யாராவது கண்டால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

4. தீப்பெட்டி அளவில் வரையுங்கள்

ஒரு தாளில் சின்னக் கட்டங்கள் போட்டு, மஞ்சள், நீல ஸ்கெட்ச் பேனாவால் வேகமாக நிரப்புங்கள். ரப்பர் வேண்டாம். பட்டை சாய்ந்திருக்கட்டுமா, நேராகவா, வளைந்தா? ஒரு கட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிறகு தாளைச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். டி-ஷர்ட்டை யாரும் கையில் பிடித்துப் படிப்பதில்லை. எதிரே நடந்து வருபவர்தான் பார்க்கிறார். தூரத்தில் கலங்குவதைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

5. தமிழ் எழுத்தைக் கடைசியில் ஒட்டாதீர்கள்

படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் ஊர்ப்பெயரைப் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. எழுத்தும் படமும் ஒன்றாகவே வளர வேண்டும். "பவானி" என்ற சொல்லைக் கவனியுங்கள். "ப" வெறும் மூன்று கோடு, ஜமக்காளப் பட்டையிலேயே அதைக் கட்டிவிடலாம். "வா", "னி" இரண்டிலும் சுழி உண்டு. சிறிதாகப் போட்டால் பனியன் துணியில் மை பரவி அந்தச் சுழி அடைபட்டுவிடும். ஆகவே சுழியின் உள்வெளியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வரையுங்கள். "னி"யின் மேல்வளைவுக்கும் இடம் விடுங்கள். கையால் எழுதுவது கடினமாக இருந்தால் முக்தா மலர், கட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்களில் தொடங்கித் திருத்தலாம்.

6. கணினிக்கு இப்போது போகலாம்

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குப் போதும். மஞ்சள் ஒரு லேயர் (அடுக்கு), நீலம் ஒரு லேயர். நீல லேயரை "மல்டிப்ளை"யில் (கீழுள்ள நிறத்தோடு கலந்து காட்டும் அமைப்பு) வைத்தால் மேல்படியும் இடம் எப்படி வரும் என்று திரையிலேயே ஓரளவு தெரியும். மார்பு அளவுக்கு 28 செ.மீ. அகலம் சரியாக இருக்கும். மெல்லிய கோடுகளை 1 பாயின்டுக்குக் கீழே இறக்காதீர்கள். முடிந்ததும் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுங்கள். பட்டறைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கலையாது.

ஃபிலிமுக்கு (ஸ்க்ரீனில் வடிவத்தைப் பதிக்க உதவும் ஒளி ஊடுருவும் தாள்) கொடுக்கும்போது இரண்டு லேயரையும் தனித்தனியாக, முழுக் கறுப்பில் கொடுக்க வேண்டும். மஞ்சளுக்கான ஃபிலிமும் கறுப்புதான். ஃபிலிமை ஸ்க்ரீன் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், ஸ்க்ரீனில் பூசிய எமல்ஷன் என்ற ரசாயனப் பூச்சு வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கழுவிப் போய்விடும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மை இறங்குகிறது. இரண்டு ஃபிலிமிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி போட மறக்காதீர்கள். அது இல்லாமல் நிறங்களைப் பொருத்த முடியாது.

7. பட்டறையில்

வெள்ளைத் துணி, ஒளி ஊடுருவும் பிக்மென்ட் மை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடர்ந்த பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் கலந்த) மையில் நீலம் மஞ்சளை மூடிவிடும், பச்சை வராது. மஞ்சள் முதலில், நீலம் பிறகு. பனியன் வேஸ்ட் துணியில் சாம்பிள் அடித்துத் தரச் சொல்லுங்கள்: மஞ்சள் மட்டும் ஒன்று, நீலம் மட்டும் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒன்று. புராஜெக்ட் நோட்டில் தறிக்கு அருகே வரைந்த பக்கத்தையும் அடித்துவிட்ட கட்டங்களையும் அப்படியே வைத்து, அடுத்த பக்கத்தில் இந்த மூன்று துண்டையும் வரிசையாக ஒட்டிச் சமர்ப்பியுங்கள்.