மொர்வான் காட்டில் கிரவல் ஓட்டம்: கோடு கீறுவதில் தொடங்கி

கிரவல் றோட்டு என்றால் என்ன என்று எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. வன்னியில் பின் கரியரில் விறகுக் கட்டோ தங்கச்சியோ இருக்க, பள்ளத்தை விலத்தி விலத்தி ஓடிப் பழகியவன் நான். பாரிசில் வேலையிடத்து நண்பன் ஒருவன் கிரவல் றோட்டில் ஓடுகிற 'கிராவெல்' சைக்கிள் என்று சொல்லி விலை உயர்ந்த சைக்கிள் ஒன்றைக் காட்டியபோது சிரித்துவிட்டேன். அடுத்த வருடம் நானும் ஒன்று வாங்கினேன். பாவித்தது, பாதி விலை.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லுகிற இடம் மொர்வான். பாரிசுக்குத் தென்கிழக்கே, பூர்கோஞ் பிரதேசத்தின் நடுவில் இருக்கிற காட்டு மேடு. ஆக உயர்ந்த இடமே 901 மீற்றர்தான். அதைச் சொல்லக் காரணம் மண். மொர்வான் கருங்கல் நிலம். கல் உதிர்ந்து பருமணலாகி, பெய்த மழையைச் சட்டென்று கீழே விட்டுவிடும். பாரிசுக்குக் கிட்ட இருக்கிற பிறீ சமவெளிக்கு இலையுதிர் காலத்தில் போனால் பீற்றூட் வண்டில்கள் இழுத்துப் போட்ட களி ரயரில் அப்பி, சில்லுச் சுற்றாது. ஷம்பாஞ் பக்கத்துச் சுண்ணாம்பு மண் நனைந்தால் தோசை மா மாதிரி. ஆகவே எந்தப் பக்கம் போவதென்றாலும் முதலில் மண்ணைப் பாருங்கள், பிறகு காட்சியைப் பார்க்கலாம்.

இனி கோடு கீறுவது, அதாவது ஓடப்போகிற வழியை வரைபடத்தில் போடுவது. கைபேசிச் செயலி இரண்டு ஊருக்கு இடையில் தானே ஒரு கோடு கீறித் தரும். அதை அப்படியே நம்பி ஓடினால் யாரோ ஒருவருடைய மாட்டு வேலியில் போய் முடிவீர்கள். நான் செயலியில் கீறியதை அரசாங்கத்தின் வரைபடத் தளத்தில் (முன்பு ஜெயோபோர்த்தாய், இப்போது cartes.gouv.fr) வைத்துச் சரிபார்க்கிறேன். அங்கே அரச நில அளவை நிறுவனமான ஐ.ஜி.என்னின் வரைபடம் 1:25,000 அளவில் இருக்கிறது, ஒரு கிலோமீற்றருக்கு நாலு சென்ரிமீற்றர். முறியாத கறுப்புக் கோடு உழவு இயந்திரம் போகிற பாதை, எங்களுக்கு உகந்தது. புள்ளி புள்ளியாக முறிந்த கோடு நடைபாதை. அதில் பாதித் தூரம் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டி வரலாம்.

அடுத்த வேலையைப் பலர் செய்வதில்லை. அதே தளத்தில் காணி எல்லைகளைக் காட்டும் கதாஸ்தர் படலத்தை மேலே போடுங்கள். பாதைக்குக் காணி இலக்கம் இல்லாமல், 'ஷெமின் றூறால்' என்று பெயர் மட்டும் இருந்தால் அது ஊராட்சியின் பாதை, பொதுமக்கள் போகலாம். காணிக்குள்ளேயே ஓடுகிற பாதையென்றால் அது யாருடையதோ. 2023 பெப்ரவரியில் வந்த சட்டப்படி, தனியார் காணி என்று அறிவித்தல் போட்ட காட்டுக்குள்ளோ வயலுக்குள்ளோ நுழைவதே குற்றம், 135 யூரோ தண்டம். 'புறொப்பிறியெத்தே பிறிவே' என்ற பலகையைக் கண்டால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். அரச காடுகளில் இந்தத் தொல்லை குறைவு. கார்களுக்குப் போட்ட தடைக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு காட்டுறோட்டில் ஓடலாம், பாதையை விட்டு மரங்களுக்குள் இறங்கக்கூடாது.

கடைசியாக ஆகாயப் படத்தையும் பாருங்கள். மொர்வானில் டக்ளஸ் மரத்தை மொத்தமாக வெட்டி எடுப்பார்கள். மரலொறி போன தடத்தில் முழங்கால் ஆழப் பள்ளம் இருக்கும். இதை நான் பார்க்காமல் போன ஒரு நவம்பரில் மூன்று கிலோமீற்றரைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. கூட வந்த மச்சான் அதற்குப் பிறகு என்னோடு சைக்கிள் கதையே கதைப்பதில்லை.

இந்த வேலையெல்லாம் முதல் தரமே வேண்டாம் என்றால், அவலோனிலிருந்து தெற்கே மத்தியதரைக் கடல் வரை போகிற ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் மலைச் சைக்கிள் பாதையின் தொடக்கப் பகுதியைப் பிடிக்கலாம். மலைச் சைக்கிள் பாதைகளுக்கு முக்கோணமும் இரண்டு வட்டமும் அடையாளம். சிவப்பு வெள்ளைக் கோடுகள் நடப்பவர்களுக்கு, அதன் பின்னால் போனால் படிக்கட்டும் வரும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ரயர் 40 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, நான் 45 போடுகிறேன், ரியூப் இல்லாதது. எனக்கு 72 கிலோ நிறை, காற்று முன்னுக்கு 2 பார், பின்னுக்கு 2.2. பின் பல்லுச் சக்கரத்தின் பெரியது முன்னதற்குச் சமனாகவாவது இருக்கட்டும். ஏற்றங்கள் நீளமில்லை, ஆனால் ஓயாது.

நான் ஓடுகிற இரண்டு நாள் சுற்று இது. பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து அவலோனுக்கு ரயில். நேரசூசியில் பஸ் அடையாளம் போட்ட சேவையை எடுக்க வேண்டாம், சாரதி சைக்கிளை ஏற்றாமல் விடலாம். அவலோனிலிருந்து கரே-லே-தோம்ப். தேவாலயத்தைச் சுற்றிப் பழைய கல் சவப்பெட்டிகள் கிடக்கும், ஊரின் பெயரே அதனால்தான். அங்கிருந்து பியேர்-கி-வீர் மடம், 1850இல் தொடங்கியது, மடத்துப் பாற்கட்டி கிடைத்தால் வாங்குங்கள். பிறகு சந்தாஞ்ஞான் குளம். பிரெஞ்சில் 'லாக்' என்றால் எனக்குக் குளம்தான், வாய் வேறு சொல்லுக்கு வராது.

அதன் பிறகு டுன்-லே-பிளாஸ். 1944 யூன் 26இலிருந்து 28 வரை ஜேர்மன் படை இந்த ஊரில் 27 பேரைக் கொன்றது. நான் அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்பேன், சாப்பிட மாட்டேன். அங்கிருந்து செத்தோன் குளத்துக்குக் காட்டுக்குள்ளால் வழி. அந்த அணையைக் கட்டியது பாரிசுக்கு விறகு அனுப்ப. மரத்துண்டுகளை கியூர் ஆற்றில் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைத் திறந்து தள்ளினார்கள். முதல் நாள் 65, 70 கிலோமீற்றர் வரும். இரவு குளத்தடியில், கூடாரம் அடிக்கிற முகாமில். அடுத்த நாள் லோர்ம் வழியாக வெசலே மேடு, பிறகு பத்துக் கிலோமீற்றர் இறக்கம், செர்மிசெல் ரயில் நிலையம்.

சாப்பாடும் தண்ணீரும்தான் பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் உண்மையான ஏற்றம். கடைக்குப் பன்னிரண்டரைக்கு வருகிறவருக்குப் பூட்டிய கதவுதான். ஞாயிறு பின்னேரம் எதுவும் இல்லை, திங்கள் பாண் கடைகளில் பாதி லீவு. ஆகையால் வெள்ளிக்கிழமையே பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாசப்பலில் மரக்கறி ரோல்ஸ் எட்டு வாங்கி வைத்துவிடுவேன். ஆறினாலும் பழுதில்லை, சட்டைப் பைக்குள் நசியவும் நசியாது. தண்ணீருக்கு இடுகாட்டைத் தேடுங்கள். சிரிக்க வேண்டாம், பூக்களுக்கு ஊற்ற ஊர் இடுகாடுகளில் பெரும்பாலும் குழாய் இருக்கும். 'நொன் பொத்தாபிள்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக்கூடாது. பனிக்காலத்தில் குழாயைப் பூட்டிவிடுவார்கள்.

செப்ரெம்பரிலிருந்து பெப்ரவரி முடியும்வரை வேட்டைக் காலம். 2018 ஒக்ரோபரில் அல்ப்ஸில் மலைச் சைக்கிள் ஓடிய ஒருவர் வேட்டைக்காரனின் குண்டு பட்டு இறந்தார். 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) என்ற பலகை வழியில் நின்றால் எவ்வளவு சுற்று வந்தாலும் வேறு பாதை எடுங்கள். செம்மஞ்சள் மேற்சட்டை போடுங்கள், காட்டுக்குள் மணியை அடித்துக்கொண்டே போங்கள். நான் சத்தமாகப் பாடுவேன், அதனால் மான்கூட வராது.

மாட்டு வேலிப் படலையைத் திறந்தால் அதே கையால் பூட்டுங்கள். மின்வேலியின் பிளாஸ்ரிக் பிடியை மட்டும் தொடுங்கள், ஈரக் கையுறையோடு கம்பியைத் தொட்டவன் சொல்லுகிறேன். நாய் ஓடி வந்தால் இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்து நடவுங்கள். இரவு முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில், உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பார்வதிக்குப் பயந்தவர்கள்கூட இந்தப் புல்லுக்குப் பயப்பட வேண்டும் என்று என் மனைவி சொல்லுவாள், பார்வதி அவளுடைய அம்மா.

செர்மிசெலில் ஆள் இருக்கும் ரிக்கற் ஜன்னலை எதிர்பார்க்க வேண்டாம், திரும்பும் ரிக்கற்றைக் கைபேசியில் முன்பே எடுத்துவிடுங்கள். கடைசி ரயிலை நம்பி வெசலேயில் மெனக்கெடாமல், அதற்கு முந்தினதைக் குறிவைத்து இறங்குங்கள். மேடையில் நிற்கிற நேரத்துக்குள் ஒரு பழைய பல்துலக்கியால் சங்கிலியிலும் சில்லிலும் இருக்கிற மண்ணைத் தட்டிவிடலாம், காய்ந்த கருங்கல் மண் இலேசாகக் கொட்டும்.