ஆறு பேரை வைத்து வேலை வாங்குவது எப்படி? ஒரு பலகாரக் கடைக்காரரின் வழி

காரைக்குடியில் சின்னதாகப் பலகாரக் கடை நடத்துகிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை. ஆட்கள் ஆறு பேர். முதல் வருடம் முழுக்க "ஆள் சரியில்லை" என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தேன். புதிதாகக் கடை வைக்கிறவர்களுக்கு அந்த ஒரு வருடமாவது மிச்சமாகட்டும்.

படி 1: நோட்டும் கையுமாக மூன்று நாள் அடுப்படியில் உட்காருங்கள். எதற்கு எழுதுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வேலையை விட்டு அனுப்பத்தான் கணக்கெடுக்கிறார் என்று பயந்துவிடுவார்கள். எந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, நடுவில் யார் எதற்காகக் காத்திருந்தார்கள், இவ்வளவுதான். என் கடையில் சீடை மாவை விரலில் சுற்றி ஒட்டுகிற அக்கா காலையில் முக்கால் மணி நேரம் சும்மா இருந்தார். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால் கதையே வேறு: மாவு பிசையத் தேங்காய்ப்பால் வேண்டும், தேங்காயோ ஒன்பது மணிக்குத்தான் வருகிறது! முதல் நாள் மாலையே தேங்காய் வாங்கி வைத்தோம். அப்புறம் எட்டரைக்கெல்லாம் முதல் ஈடு எண்ணெயிலிருந்து வெளியே வந்துவிடுகிறது, யாரையும் ஒரு வார்த்தை திட்டாமலே.

படி 2: சுவரில் ஒரு பலகை. எந்தச் சரக்கு, எத்தனை கிலோ, எத்தனை மணிக்குள், யார் பொறுப்பு. ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான். "எல்லாரும் பார்த்துக்கோங்க" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

படி 3: ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது கை. பர்மாவிலும் மலாயாவிலும் நம் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்தவர் வேலை பழகி அடுத்தாளாகி (மேலாளுக்கு அடுத்த ஆள்), பிறகு கடையையே பார்த்துக்கொள்ளும் மேலாளாக உயர முடிந்தது. நான் அதை மறந்தேன், பட்டேன். அதிரசப் பாகு ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஆவணியில் அவர் வீட்டுக் கல்யாணம், நான்கு நாள் ஆளில்லை, கையிலிருந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பினேன். இப்போது இன்னொருவருக்கும் பழக்கியாயிற்று: பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் உருட்ட மெத்தென்று திரண்டு வர வேண்டும். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, பக்கத்தில் நிறுத்தித்தான் காட்ட வேண்டும்.

படி 4: சம்பளத் தேதி தவறக் கூடாது. முன்பணத்துக்குத் தனிப் பக்கம், கொடுக்கும்போதே கையெழுத்து. பத்தாவது ஆளைச் சேர்க்கும் முன் ஆடிட்டரிடம் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பற்றிக் கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு சம்பளத்தில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. அப்புறம் கல்லாப் பக்கம் நிற்கிறவர்களுக்கு நாற்காலி போடுங்கள். 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமே அப்படித் திருத்தப்பட்டுவிட்டது, தவிர கால் வலிக்கிறவர் சிரித்த முகமாக வியாபாரம் பார்க்க முடியுமா?

படி 5: ஊக்கத்தொகை. இதில் அவசரப்படாதீர்கள். ஒரு தீபாவளிக்கு, சுட்ட கிலோவுக்கு இவ்வளவு என்று அறிவித்தேன். சரக்கு குவிந்தது, ஆனால் டின்னைத் திறந்தால் பாதித் தேன்குழல் நொறுங்கிக் கிடந்தது. இப்போது நொறுங்கியதைத் தனியாக எடை போட்டுக் கழித்துவிட்டு, முழுசாக இருப்பதற்குத்தான் காசு.