தோட்டத்து மரச்சாமான்கள்: பூசுவதில், கழுவுவதில், நிறுத்துவதில் நடக்கும் தவறுகள்

தோட்டத்தில் கிடக்கும் மர பெஞ்ச் உளுத்துப்போனால் எல்லோரும் மழையைத்தான் திட்டுவார்கள். மரம் நனைவது பெரிய விஷயமே இல்லை. நனைந்தது காய வழியில்லாமல் போவதுதான் வினை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை மக்கவைக்கும் பூஞ்சையால் வளர முடியாது. ஆனால் நாம் செய்யும் பராமரிப்பில் பாதி, உள்ளே போன ஈரத்தைப் பூட்டிவைக்கிற வேலையாகவே முடிகிறது.

முதலில் வார்னிஷ். வீட்டுக்குள் மேசைக்குப் பூசிய டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று வெளியே கிடக்கும் நாற்காலிக்கும் அடித்துவிடுவார்கள். ஒரு வாரம் பளபளவென்று இருக்கும். வெளியில் இருக்கும் மரமோ ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். கெட்டியான அந்தப் படலத்தால் கூடவே விரிந்து சுருங்க முடியாது. மூட்டுகளில், ஸ்க்ரூ தலைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். அதன் வழியே இறங்கிய தண்ணீர் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். முதலில் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். அப்புறம் நகத்தால் கீறினாலே செதில் செதிலாக உரியும், அடியில் மரம் கறுத்திருக்கும். இந்தக் கட்டத்தில் மேலே இன்னொரு கோட் அடிப்பது இன்னும் பெரிய தவறு. பழையதை முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, காயவைத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

உட்காரவும் நடக்கவும் பயன்படும் மரத்துக்கு, உள்ளே ஊறும் எண்ணெயோ, நிறமேற்றும் பூச்சான ஸ்டெயினோதான் என் தேர்வு. அது உரியாது, மெல்லத் தேயும். தேய்ந்தால் கழுவிக் காயவைத்து மேலேயே பூசலாம். பூசுவதற்கு முன் மரத்தை மழமழவென்று தேய்த்துவிடக் கூடாது. 60 முதல் 80 வரை எண்ணுள்ள உப்புத்தாளோடு நிறுத்தினால் எண்ணெய் நன்றாக இறங்கும். உச்சி வெயிலில் பூசினாலோ, மரத்துக்குள் இறங்குவதற்கு முன்பே மேலே காய்ந்துவிடும்.

எண்ணெயிலும் தாராளம் ஆகாது. மரம் குடிக்காமல் விட்டதைக் கால் மணி நேரத்துக்குள் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுவென்று நின்று தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். துடைத்த துணியில்தான் ஆபத்து. ஆளி விதை எண்ணெய் போலக் காய்ந்து இறுகும் எண்ணெய்கள் காற்றோடு சேரும்போது சூடு உண்டாகும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் சூடு வெளியேறாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். நனைத்துவிட்டு, திறந்த வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

இனி, யாரும் குனிந்து பார்க்காத இடம்: கால்களின் அடி. மரத்தின் நார்கள் நெடுக ஓடுவதால், குறுக்கே அறுத்த முனை ஒரு கட்டு உறிஞ்சுகுழலைப் போலத் தண்ணீரை இழுக்கும். பக்கவாட்டில் இறங்குவதைவிட அங்கே ஈரம் பல மடங்கு வேகமாக ஏறும். இருக்கையும் கையும் மின்னும். கால் அடியில் கத்தி முனையை வைத்து அழுத்தினால் கேக்கில் இறங்குவது மாதிரி இறங்கும். பெஞ்சைக் கவிழ்த்துப்போட்டு, அந்த முனைகள் இனிக் குடிக்காது என்கிறவரை திரும்பத் திரும்பப் பூசுங்கள். பிறகு மண்ணிலோ புல்லிலோ நேரடியாக நிறுத்தாமல், அடியில் ஒரு கல் வையுங்கள்.

வேலிக் கம்பங்களும் இதே கதைதான். மண்மட்டத்தை ஒட்டிய சில அங்குலங்களில்தான் அவை முதலில் இற்றுப்போகும், ஏனென்றால் பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். கான்கிரீட் போட்டால் நிற்கும் என்று கிண்ணம் போலப் போட்டு, அதற்குள் தண்ணீரைத் தேக்குகிறவர்கள் அதிகம். குழியின் அடியில் ஜல்லி போட்டு, கான்கிரீட்டின் மேற்புறத்தைக் கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி பூச வேண்டும்.

ட்ரீட்டட் வுட் என்று விற்கும், அழுத்தம் கொடுத்து மருந்தேற்றிய மரம் வாங்கினால் கவலையே இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. மருந்து பெரும்பாலும் நடுப்பகுதி வரை போயிருக்காது. அறுத்தால் அந்த முனை வெறும் மரம், அங்கே மருந்து தடவியாக வேண்டும். செம்பு கலந்த மருந்து சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது துத்தநாகம் கனமாகப் பூசிய ஆணி போடுங்கள். புதுப் பலகை ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் அடிக்க வேண்டாம். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்தாக நிற்காமல் உள்ளே இறங்க வேண்டும், அப்போதுதான் பூசலாம். மிச்சத் துண்டுகளை அடுப்பெரிக்கவே கூடாது. பழைய பலகைகள் பலவற்றில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கும். அமெரிக்காவில் ஆர்சனிக் கலந்த மருந்தை வீட்டு உபயோக மரத்துக்கு ஏற்றுவதை 2003 முடிவோடுதான் நிறுத்தினார்கள்.

கழுவும்போது அதிவேக நீர்ப்பீச்சியைக் கிட்டத்தில் பிடித்தால் மென்மையான நார் பெயர்ந்து, மரம் முள்முள்ளாக நிற்கும். பாசிக்கு சோப்புத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும், நார் ஓடும் திசையில் தேய்த்தால் சரி. இரும்பு பிரஷ் வேண்டாம். அது விட்டுப்போகும் துகள்கள் மழை பட்டதும் கறுப்புப் புள்ளிகளாகிவிடும்.

தேக்கு சாம்பல் நிறமானதும் பதறுகிறவர்கள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ள லிக்னினை, அதாவது மரநாரைப் பிணைத்து வைக்கும் பொருளை, சிதைப்பதால் வரும் நிறம் அது, மக்கல் இல்லை. எனக்கு அந்த நிறம் பிடிக்கும், அப்படியே விட்டுவிடுவேன். பழைய நிறம்தான் வேண்டுமென்றால் நிறமி கலந்த எண்ணெய் வாங்குங்கள், நிறமற்ற எண்ணெய் வெயிலை அவ்வளவாகத் தடுக்காது. தேக்கு என்றாலே உளுக்காது என்றும் இல்லை. நடுவில் இருக்கும் வைரப்பகுதிக்குத்தான் அந்தப் பெயர். ஓரத்து வெளிர் மரம் மற்ற சாதா மரம் போலவே மக்கும்.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டி மூடுவது இன்னொரு பழக்கம். உள்ளே வியர்த்து, திறக்கும்போது பூஞ்சை வாடைதான் முதலில் வரும். கூரைக்கு அடியில் ஒதுக்க இடமில்லை என்றால் மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்று போக இடம் விடுங்கள்.