ஏஐஎஸ் விட்டு விட்டு மறைகிறதா? கருவியைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகல் முழுக்க மற்ற படகுகளின் திரையில் ஒழுங்காகத் தெரிகிற ஒரு உல்லாசப் படகு, பொழுது சாய்ந்த பிறகு மட்டும் மறைந்து மறைந்து வருகிறது. காலையில் போய்ப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஏஐஎஸ் டிரான்ஸ்பாண்டர், அதாவது படகின் பெயரையும் இடத்தையும் ரேடியோ வழியாகச் சுற்றியுள்ள கப்பல்களுக்கு அறிவிக்கும் கருவி, வைத்திருக்கும் பலர் இப்படி ஒரு தலைவலியைச் சந்தித்திருப்பார்கள். அடியோடு செத்துப்போன கருவியில் குறையைக் கண்டுபிடிப்பது சுலபம். விட்டு விட்டு வேலை செய்வது அப்படியல்ல. நாம் மல்டிமீட்டரோடு போய் உட்காரும் நேரத்தில் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆபத்தும் இதில்தான் அதிகம். டிரான்ஸ்பாண்டர் இல்லாத படகில் இருப்பவர் தன் கண்ணை நம்பிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருப்பார். அது இருக்கிற படகில் இருப்பவரோ, எதிரே வரும் கப்பல் தன்னைப் பார்த்துவிட்டது என்ற நம்பிக்கையில் இருப்பார். அதனால்தான் இந்தக் கோளாறை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

இதில் நடக்கும் தவறுகள் பலவும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. சிக்னல் எப்போது மறைகிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே எதையாவது மாற்றத் தொடங்கிவிடுகிறோம்.

கோளாறு இல்லாததைக் கோளாறு என்று நினைப்பது

கப்பல்களைக் காட்டும் இணையதளத்தில் நம் படகு தெரியவில்லை என்றதும் டிரான்ஸ்பாண்டர் பழுது என்று முடிவுகட்டுவது முதல் தவறு. அந்தத் தளங்களுக்குத் தகவல் பெரும்பாலும் கரையில் இருக்கும் ரிசீவர்கள் மூலம்தான் போகிறது. ஏஐஎஸ் இயங்குவது விஎச்எஃப் என்ற ரேடியோ அலைவரிசையில், 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு சேனல்களில். இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். நடுவில் ஒரு நிலமுனை மறைத்தாலோ, அருகில் ரிசீவர் இல்லாவிட்டாலோ, உங்கள் கருவி எவ்வளவு நன்றாக அனுப்பினாலும் இணையத்தில் தெரியாது. பக்கத்தில் நிற்கும் இன்னொரு படகின் ஏஐஎஸ் திரைதான் சரியான சாட்சி.

சொந்தத் திரையில் சொந்தப் படகு தெரிகிறதே, அது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. உங்கள் சார்ட்பிளாட்டர், அதாவது கடல் வரைபடம் காட்டும் திரை, உங்கள் இடத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து நேராக எடுத்துக் காட்டுகிறது. ஆன்டெனா கேபிள் அறுந்து கிடந்தாலும் அது அங்கே தெரியும்.

அடுத்தது இடைவெளி. உல்லாசப் படகுகளில் அதிகம் இருப்பது 2 வாட் சக்தியுள்ள கிளாஸ் பி வகை. 2 நாட் (மணிக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போனால் அது 30 விநாடிக்கு ஒரு முறை இடத்தைச் சொல்லும். அதற்குக் கீழே, அல்லது நங்கூரத்தில் இருந்தால், 3 நிமிடத்துக்கு ஒரு முறைதான். படகின் பெயரும் வகையும் 6 நிமிடத்துக்கு ஒரு முறை தனியாகப் போகும். ஆகவே கருவியைப் போட்ட புதிதில் எம்எம்எஸ்ஐ என்ற படகின் அடையாள எண் மட்டும் தெரிந்து பெயர் தெரியாமல் இருப்பது இயல்பு. இந்த 2 வாட் வகைக்கு இன்னொரு குணமும் உண்டு. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். சேனலில் வேறு யாராவது பேசினால் தன் முறையைத் தள்ளிப்போடும். கப்பல்கள் நெருக்கமாக இருக்கும் துறைமுக வாயிலில் ஒன்றிரண்டு அறிவிப்புகள் விடுபட்டால் அது அமைப்பே அப்படி. நடுக்கடலில், 6 நாட் வேகத்தில், பத்து நிமிடம் காணாமல் போனால்தான் அது கோளாறு.

குறிப்பு எழுதாமல் கழற்றத் தொடங்குவது

இதுதான் பெரிய தவறு. ஒரு கேபிளை அசைத்துப் பார்ப்போம், ஒரு ஃபியூஸைக் கழற்றி மாட்டுவோம், உடனே சரியாகிவிட்டது போலத் தோன்றும். எதனால் சரியானது? தெரியாது. மூன்று வாரம் கழித்து, இருட்டில், மறுபடி வரும்.

அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் சில விஷயங்களை எழுதுங்கள். மறைந்த நேரம், எஞ்சின் ஓடியதா, எந்தெந்த விளக்கு எரிந்தது, யாராவது விஎச்எஃப் ரேடியோவில் பேசினார்களா, படகு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, மழையா, பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு. கூடவே கருவியின் விளக்கு என்ன நிறம் என்பதையும். பல கருவிகளில் பச்சை என்றால் எல்லாம் சரி. மஞ்சள் என்றால் கொஞ்ச நேரமாக அனுப்பவில்லை. சிவப்பு என்றால் மின்சாரம், ஆன்டெனா, ஜிபிஎஸ், எம்எம்எஸ்ஐ இவற்றில் ஏதோ குறை. நீலம் பெரும்பாலும் மௌன நிலை, அதாவது யாரோ அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உங்கள் கையேட்டில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மௌன நிலைக்கான சுவிட்ச் யார் கையோ பட்டு அழுந்தி, அதற்காக ஒரு நாள் முழுக்க வயர்களைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

நாலைந்து வரி சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். ஒரு பக்கம் சாயும்போது மட்டும் போகிறது என்றால் தளர்ந்த கனெக்டர். மழைக்குப் பிறகு என்றால் கேபிளுக்குள் தண்ணீர். ரேடியோவில் நீண்ட நேரம் பேசும்போது மட்டும் என்றால், ஒரே ஆன்டெனாவை ரெண்டுக்கும் பகிரும் ஸ்ப்ளிட்டர் ரேடியோவுக்கு முன்னுரிமை தருகிறது. அது அதன் வேலை, பழுதல்ல.

கப்பல்கள் தெரிகின்றன, ஆகவே ஆன்டெனா சரி என்று நம்புவது

பெரிய கப்பல்கள் 12.5 வாட்டில் அனுப்புகின்றன, அவற்றின் ஆன்டெனாவும் உயரத்தில் இருக்கிறது. பாதி அழிந்த கேபிள் வழியாகக்கூட அவை உங்களுக்குக் கேட்கும். உங்களிடம் இருப்பதோ வெறும் 2 வாட். கேபிளில் 3 டெசிபல் இழந்தால் அதிலும் பாதி போய்விடும். அதனால் அவர்கள் எங்களுக்குத் தெரிகிறார்கள், நாங்கள் அவர்களுக்குத் தெரியவில்லை என்ற புகார் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் கனெக்டரையும்தான்.

பாய்மரத்தின் அடியில் இருக்கும் ஆன்டெனா கேபிள் இணைப்பை ஒரு முறை திறந்து பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே நடுக் கம்பியைச் சுற்றிப் பச்சைப் பொடி படிந்திருக்கும். வெளி உறையைக் கொஞ்சம் சீவினால் செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய வலை கறுத்துப்போயிருக்கும். அப்படி இருந்தால் நுனியை மட்டும் வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டுப் பயனில்லை. தண்ணீர் அந்த வலை வழியே உள்ளே ஏறியிருக்கும். பளிச்சென்ற செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போகணும், வரவில்லை என்றால் கேபிளையே மாற்றணும். மாற்றும்போது டிவி கேபிளைப் போட்டுவிடாதீர்கள். அது 75 ஓம், இங்கே தேவை 50 ஓம். நீளமான பாய்மரத்துக்கு மெல்லிய ஆர்ஜி-58 கேபிளும் சரிப்படாது, இழப்பு அதிகம்.

மல்டிமீட்டரை வைத்து ஆன்டெனாவுக்குத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. பல விஎச்எஃப் ஆன்டெனாக்களில் நடுக் கம்பியும் வெளி வலையும் நேர் மின்னோட்டத்துக்கு ஷார்ட் ஆகத்தான் தெரியும், தயாரிப்பே அப்படி. அதைப் பார்த்துவிட்டு நல்ல ஆன்டெனாவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் சரியான கருவிதான், ஆனால் ஏஐஎஸ்ஸின் ஒரு அறிவிப்பு சுமார் 26 மில்லி விநாடியில் முடிந்துவிடும். சாதாரண முள் மீட்டர் அசைவதற்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். அதனால் அந்தக் கேபிளை, மீட்டர் நடுவில் இருக்க, விஎச்எஃப் ரேடியோவில் மாட்டி, 1 வாட்டில், அவசர அழைப்புக்கான சேனல் 16 அல்லாத ஒரு வேலை சேனலில் சில விநாடி அழுத்திப் பாருங்கள். அது 156 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அளவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பேச்சுக்கு நன்றாக இருக்கும் ஆன்டெனா 162-இல் சுமாராக இருக்கலாம். இந்தச் சோதனைகளுக்கு நடுவில் ஆன்டெனா இல்லாமல் டிரான்ஸ்பாண்டரை மட்டும் ஓட விடாதீர்கள். அனுப்பும் பகுதியே எரிந்துபோகக்கூடும்.

பேட்டரியில் அளந்துவிட்டு மின்சாரம் சரி என்பது

இப்போது அந்த மாலைப் படகுக்கு வருவோம். இருட்டியதும் மறைகிறது என்றால் ரெண்டு பேர் மீது சந்தேகம். ஒன்று விளக்குகள் கிளப்பும் ரேடியோ இரைச்சல். இன்னொன்று விளக்கு போட்டதும் இறங்கும் வோல்டேஜ்.

முதலாவது கற்பனையல்ல. எல்இடி விளக்குகள் விஎச்எஃப் ரேடியோவையும் ஏஐஎஸ்ஸையும் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. சோதிக்கும் வழி எளிது. ரேடியோவை அமைதியான ஒரு சேனலில் வைத்து, இரைச்சலைத் தடுக்கும் குமிழான ஸ்க்வெல்ச்சை இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஏதாவது ஒன்றைப் போட்டதும் ரேடியோ இரைந்தால் அதுதான் ஆள். இப்படிப்பட்ட இரைச்சல் முதலில் கெடுப்பது நம் கருவியின் காதைத்தான். ஆனால் கேட்டுவிட்டுப் பேசும் கருவி, இரைச்சல் மிக அதிகமானால் சேனலில் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும்.

ரேடியோ அமைதியாகவே இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரியில் அளப்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கே 12.4 வோல்ட் இருக்கலாம். டிரான்ஸ்பாண்டரின் சொருகியில், விளக்குகள் எரியும்போது, கருவி அனுப்பும் அந்தக் கணத்தில் எவ்வளவு? பல கருவிகளின் கையேட்டில் 9.6 முதல் 31.2 வோல்ட் வரை என்று இருக்கும். சும்மா இருக்கும்போது கருவி மிகக் குறைவாகத்தான் இழுக்கும், அனுப்பும்போது மட்டும் 2 ஆம்பியர் வரை போகலாம். விளக்குகளும் டிரான்ஸ்பாண்டரும் சேரும் நெகட்டிவ் பட்டையில் ஒரு திருகு துருப்பிடித்திருந்தால் போதும். பகலில் எஞ்சின் ஓடி 14 வோல்ட் வரும்போது குறை தெரியாது. இரவில் எஞ்சினை நிறுத்தி, பாய் ஏற்றி, விளக்கைப் போட்டதும் அந்தத் திருகில் ரெண்டு மூன்று வோல்ட் காணாமல் போகும். கருவி அணைந்து மறுபடி எழும். ஜிபிஎஸ்ஸைத் தேடிப் பிடித்து முதல் அறிவிப்பை அனுப்பச் சில நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த சரிவு.

சாதாரண மல்டிமீட்டர் அந்தக் கணச் சரிவைக் காட்டாமல் விடலாம். குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். இல்லையென்றால் ஒரு சின்னத் தனி பேட்டரியிலிருந்து, ஃபியூஸோடு, டிரான்ஸ்பாண்டருக்கு மட்டும் நேராக மின்சாரம் கொடுத்து ஒரு இரவு ஓட்டிப் பாருங்கள். மறையவில்லை என்றால் கருவி நல்லது, வயரிங்தான் கெட்டது.

ஜிபிஎஸ்ஸை மறந்துவிடுவது

டிரான்ஸ்பாண்டருக்கென்று தனி ஜிபிஎஸ் உண்டு. சார்ட்பிளாட்டரில் இடம் தெரிகிறது என்பதற்காக இதுவும் பிடிக்கிறது என்று பொருளில்லை. அது இடத்தை இழந்தால் அறிவிப்பும் நின்றுபோகும். அதன் ஆன்டெனாவை அலுமினியத் தளத்துக்குக் கீழே வைப்பதும், சேட்டிலைட் போன் ஆன்டெனாவை ஒட்டி வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸ், இரிடியம் சேட்டிலைட் போன்கள் 1616-க்கு மேல். பக்கத்து வீடு மாதிரி. போனில் பேசும்போது மட்டும் ஏஐஎஸ் போனால் காரணம் அதுவாக இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, நல்லது என்று தெரிந்த வேறு ஆன்டெனாவோடும், தனி பேட்டரியோடும், திறந்த வானத்தின் கீழும் சிவப்பு விளக்கு வந்தால் கருவியைச் சர்வீஸுக்கு அனுப்புங்கள். நோட்டில் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கூடவே அனுப்புங்கள். அவர்களின் மேஜை மீதும் அது நன்றாகத்தான் ஓடும், எந்தச் சூழ்நிலையில் நின்றது என்று அந்தப் பக்கம்தான் சொல்லும்.