55 வயதில் பேரை வெட்டினால் (வேலையை விட்டு நீக்கினால்) செய்யக்கூடாதவை

மலேசியாவில், ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட் டவுனில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால், சட்டைப்பையில் மடித்து வைத்த கடிதத்தை எடுத்து, "என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க தம்பி" என்று யாராவது நீட்டுவார்கள். மலாயில் இருக்கும். பெரும்பாலும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் கொண்டு வருவார்கள்.

அதுதான் பெரிய தவறு. தோட்ட ஆபீசில் கூப்பிட்டு, "இதில ஒரு சைன் போடுங்க, பணம் சீக்கிரம் வரும்" என்பார்கள். தாளில் 'சுக்காரேலா' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'சொந்த விருப்பத்தில்' என்று பொருள். அதில் கையெழுத்துப் போட்டால் நீங்களாகவே வேலையை விட்டதாக ஆகிவிடும். மிரட்டி எழுதி வாங்கிய ராஜினாமாவும் வேலைநீக்கம்தான் என்று தொழிலியல் நீதிமன்றம் ஏற்கும். ஆனால் மிரட்டியதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வர்றேன்" என்று சொன்னால் யாரும் தூக்கில் போடப் போவதில்லை.

அடுத்தது, 55 ஆனால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தை முழுதாக எடுக்கும் வயது 55. அதையே ஓய்வு வயது என்று நம் சனங்கள் குழப்பிக்கொள்கிறார்கள். சில கிராணிகளும் (தோட்ட ஆபீஸ் குமாஸ்தாக்கள்) அப்படியே சொல்லி அனுப்புகிறார்கள். 2012ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. தனியார் துறைக்கு வயது 60. ஒப்பந்தத்தில் 55 என்று எழுதியிருந்தாலும் செல்லாது. மீறி அனுப்பும் முதலாளிக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். நீங்களாகக் கேட்டு முன்கூட்டியே ஓய்வு பெறுவது வேறு கதை. 24 மாதத்துக்கு மேற்போகாத ஒப்பந்த வேலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே நிரந்தர ஆளை "கான்ட்ராக்டுக்கு மாத்திக்கலாம்" என்று கூப்பிட்டால் யோசியுங்கள்.

"வயசாச்சுன்னு ஒதுக்கிட்டாங்க" என்று மட்டும் மனுவில் எழுதுவதும் போதாது. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சொல்லும் பாகுபாட்டுப் பட்டியலில் வயது இல்லை. வேலைச் சட்டத்தின்படி 2023 ஜனவரி முதல் வேலை இடத்துப் பாகுபாடு பற்றி லேபர் ஆபீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் எது பாகுபாடு என்று அந்தச் சட்டம் விளக்கவில்லை. என்னைக் கேட்டால், "நியாயமான காரணமில்லாமல் நீக்கினார்கள்" என்பதே கெட்டியான பிடி. ஏனென்றால் நீக்கியதற்குக் காரணம் காட்ட வேண்டியது முதலாளி. ஆள் குறைப்பு என்று சொன்னால் இன்னொன்றையும் பாருங்கள்: அதே வேலையைச் செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை முதலில் நிறுத்தாமல் உள்ளூர் ஆளை நிறுத்தக் கூடாது என்று வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு சொல்கிறது. மண்டோருக்கு (மேஸ்திரிக்கு) இது தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

எல்லாவற்றையும் விட அதிகமாகக் கவிழ்ப்பது புகார் கொடுப்பதற்கான 60 நாள் கெடு. வேலைநீக்கம் என்றால் மனு தொழில் உறவு இலாகாவுக்கு. நமக்குப் பக்கத்தில் ஈப்போ. 60 வயதுக்கு முன் ஓய்வு கொடுத்தார்கள் என்ற புகார் லேபர் ஆபீசுக்கு. இரண்டுக்கும் கெடு 60 நாள்தான். ஒரே விஷயத்துக்கு இரண்டு கதவையும் தட்ட முடியாது. சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் கணக்கில் சேரும். "மேனேஜர்கிட்ட பேசிக்கிட்டிருக்கோம்" என்று காத்திருந்தவர்களில் பலர் அறுபத்தைந்தாம் நாள் போய் நின்றார்கள். நோட்டீஸ் கொடுத்திருந்தால் அந்தக் காலத்திலேயே மனுப் போடலாம். காசு கட்ட வேண்டாம். சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமில்லை. சங்கத்து ஆள் கூட வரலாம்.

வென்றால் நிரந்தரத் தொழிலாளிக்கு 24 மாதம் வரை பின்சம்பளம் கிடைக்க வழியுண்டு. அதற்குக் கணக்குக் காட்டச் சம்பளச் சீட்டு வேண்டும். தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்போது பழைய தாள் என்று குப்பையில் கொட்டிவிட்டு, பிறகு கிராணியிடம் போய்க் கேட்டால் அவர் தேடித் தரப் போகிறாரா?